பாறைத் திட்டில் நானும் திண்டும்

ஜூன் 4, வியாழன்

இன்று முழுக்க லிஃப்ட் குழிக்குள்ளேயே போயிற்று. கூண்டின் கூரைமேல் குந்திக்கொண்டு கம்பி வடத்தைத் துடைத்தேன். நாலு பக்கமும் சுவர், நடுவில் நான். மேனேஜர் போன்மேல் போன். "முடிஞ்சுதா, முடிஞ்சுதா?" நீங்கள் கூப்பிடாமல் இருந்திருந்தால் முடிந்திருக்கும் என்றேன். பட்டென்று வைத்துவிட்டார். வைக்கட்டும்.

அடுத்த வாரம் மலை. அதுவரை பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஜூன் 7, ஞாயிறு

பல் டாக்டர் வீட்டில் பேச்சு. டாக்டர் என்னோடு பள்ளியில் படித்தவள். மூன்றாவது ஆள் மச்சான், என் அத்தை மகன், பஸ் ஓட்டுகிறான். மலையின் இரண்டு சிகரங்களையும் சேர்க்கும் முகட்டின் மேலேயே கைகால் ஊன்றிப் போவது என்று முடிவு.

நாய்கள் இரண்டும் அவளுடையவை. ஊசிக்கு எலும்பும் வாலும்தான், எங்கும் ஏறிவிடும். திண்டு பேருக்கேற்ற உடம்பு.

"ஊசி வரட்டும். திண்டு எங்கம்மாகிட்ட இருக்கட்டும்டா. அந்த வெட்டுகிட்ட அதால இறங்க முடியாது."

முகட்டின் பாதியில் பாறை பிளந்து கிடக்கிறது. அதைத்தான் வெட்டு என்கிறோம். ஒரு பக்கம் செங்குத்தாக இறங்கி மறுபக்கம் ஏற வேண்டும்.

"நான் அதோட உடம்புல மாட்ற மாதிரி பெல்ட் செஞ்சு தர்றேன். கயித்துல இறக்கிடலாம்."

"ஆரம்பிச்சுட்டான்யா இன்ஜினியர்" என்றான் மச்சான்.

திண்டையும் கூட்டிப்போக அவளுக்கு ஆசைதான். முகத்திலேயே தெரிந்தது.

ஜூன் 10, புதன்

பெல்ட் தயார். பட்டறையில் இரும்புக் கட்டிகளைப் பழைய மெத்தையில் சுற்றி, திண்டின் எடையைப் போல இரண்டு மடங்கு தொங்கவிட்டேன். அசையவில்லை. கயிற்றையும் வெட்டின் ஆழத்துக்கு அளந்து வெட்டிவிட்டேன். வீண் சுமை எதற்கு?

படம் அனுப்பினேன். "உன்னை நம்பித்தான் கூட்டிட்டு வர்றேன்" என்றாள்.

"கண்ணை மூடிட்டு நம்பு" என்றேன்.

ஜூன் 13, சனி

முதல் சிகரம். நல்ல வெயில். நாய்கள் எங்களுக்கு முன்னால். மச்சான் மூச்சு வாங்கிக்கொண்டு, "பஸ்ஸுன்னா இந்நேரம் ரெண்டு டிரிப் அடிச்சிருப்பேன்" என்கிறான். சந்தோஷமாக இருக்கிறேன். எழுதி வைக்கிறேன், அடிக்கடி நடப்பதில்லை.

அன்றே, மதியத்துக்கு மேல்

திட்டில் இருக்கிறேன். வேறு வேலை இல்லை. எழுதுகிறேன்.

வெட்டில் திண்டை இறக்கினோம். பெல்ட் பிடித்தது, கயிறு பிடித்தது, எல்லாம் பிடித்தது. காலடியில் தரை இல்லை என்று தெரிந்ததும் திண்டு உடம்பை நெளித்தது, தலையை உள்ளே இழுத்தது, பின்பக்கமாக வழுக்கி வெளியே வந்துவிட்டது. சட்டையைக் கழற்றுகிற மாதிரி. பெல்ட் மட்டும் காற்றில் ஆடியது.

இரும்பு நெளியாது. நாய் நெளியும். இது எனக்குத் தோன்றவே இல்லையா?

விழுந்தது வெட்டின் அடியையும் தாண்டி, பக்கவாட்டில் கீழே ஒரு திட்டில். கட்டில் அகலம் இருக்கும். அதற்குக் கீழே ஒன்றுமில்லை. அவள் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. யாரையும் கேட்காமல் பெல்ட்டை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கடைசிக் கொஞ்சம் சறுக்கிக் குதித்தேன். திரும்பி ஏறப் பார்த்தபோதுதான் தெரிந்தது, கைக்குப் பிடியே இல்லை. இதற்குள் மூடுபனி வேறு. பாறையெல்லாம் ஈரம். கயிறு என் தலைக்கு மேல் எட்டாத உயரத்தில் முடிகிறது. அளந்து வெட்டிய கயிறு!

மச்சான் இரண்டாம் சிகரத்து விடுதிக்கு ஊசியோடு போயிருக்கிறான், நீளக் கயிறும் ஆளும் கொண்டுவர. டாக்டர் மேலே.

"அடிபட்டிருக்கா?"

"முன்னங்கால்ல சிராய்ப்பு. நிக்குது."

"உனக்கு?"

கேட்டாளே, அதுவே அதிகம்.

சற்றுப் பிறகு

மச்சான் வருவதற்குள் பெல்ட்டையாவது மாட்டி வைக்கலாம் என்று போனேன். உறுமியது. பிடித்து அமுக்கினேன். கையைக் கடித்துவிட்டது. ஆழமில்லை, ரத்தம் வந்தது. கத்தினேன். சனியனே, உனக்காகத்தானே இறங்கினேன்!

மேலிருந்து அவள்: "அதை விடுடா. சும்மா உக்காரு."

"எவ்வளவு நேரம் சும்மா உக்கார்றது?"

"என் சேர்ல உக்கார்றவங்க எல்லாரும் இதைத்தான் கேப்பாங்க."

முன்னால் பனி, பின்னால் பாறை, பக்கத்தில் என்னைக் கண்டாலே ஒடுங்குகிற நாய். அதைக் குற்றம் சொல்ல முடியுமா? பெல்ட்டைக் காலுக்கடியில் மறைத்து வைத்திருக்கிறேன். பார்த்தாலே நடுங்குகிறது.

இன்னும் மச்சானைக் காணோம். குளிர்.

திண்டு நகர்ந்து வந்து என் தொடைமேல் முதுகைச் சாய்த்திருக்கிறது. மன்னித்துவிட்டதாக நினைக்க நான் முட்டாள் இல்லை. அதற்குக் குளிர். எனக்கும்தான். எழுதுகிற கையைத் தவிர வேறெதையும் அசைக்கவில்லை.

ஜூன் 14, ஞாயிறு

வீடு. அம்மா கைக்கட்டைப் பார்த்து, "நாய்க்குக்கூட உன் வாய் பிடிக்கல போல" என்றாள்.

நேற்று மச்சான் விடுதி ஆட்கள் இருவரோடு வந்தான். "முதல்ல நீங்க வாங்க தம்பி" என்றார்கள். மாட்டேன் என்றேன். நாய்க்கு மட்டும் கயிறு கட்டலாம் என்றார்கள். அப்போது டாக்டர் குனிந்து சொன்னாள்: "தனியா தொங்கவிடாதே. உன் நெஞ்சோட சேத்துக் கட்டு. அதுக்குப் பிடிமானம் வேணும்."

அவர்கள் விட்ட கயிற்றை என்மேல் கட்டி, திண்டைக் கட்டிப்பிடித்து, பெல்ட்டால் இருவரையும் சேர்த்து இறுக்கினேன். பாதி உயரத்தில் என் சட்டையெல்லாம் மூத்திரம். திட்டவில்லை. அந்தரத்தில் எனக்கே வரும்போல இருந்தது.

மேலே வந்ததும் திண்டை வாங்கிக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜூன் 16, செவ்வாய்

கிளினிக்குக்குப் போனேன். கடைசி நோயாளி போனபிறகுதான் பேசினாள்.

"அது விழுந்ததுக்கு எனக்குக் கோபம் இல்ல. முடியாதுன்னு நான் சொன்னேன். நீ காதுலயே போட்டுக்கல. கண்ணை மூடிட்டு நம்பச் சொன்னே. நானும் மூடினேன் பாரு, என்னைச் சொல்லணும்."

மூன்று நாளாக வாயில் வைத்திருந்த மன்னிப்பைச் சொன்னேன். "சரி" என்றாள். சரி என்றால் சரி இல்லை என்று எனக்கும் தெரியும்.

ஜூன் 28, ஞாயிறு

யாரும் கூப்பிடவில்லை. அறையில் ஃபேன் சத்தம். லிஃப்ட் குழியே தேவலாம்.

ஆகஸ்ட் 22, சனி

மச்சானும் டாக்டரும் ஊசியும் வடக்கு முகட்டுக்குப் போயிருக்கிறார்கள். என்னைக் கூப்பிடவில்லை. எரிச்சல்தான், இல்லை என்று எழுதினால் பொய்.

ஆனால் நேற்று அவள் வந்து திண்டின் கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். "ரெண்டு நாள் பாத்துக்க. படின்னா இப்பல்லாம் பயப்படுது. இழுக்காதே." அவள் அம்மாவிடம் விட்டிருக்கலாமே என்று கேட்க வாயெடுத்தவன், கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டேன்.

சாயங்காலம் நடக்கப் போனோம். தெருமுனையில் மூன்றே படி. திண்டு நின்றுவிட்டது. நானும் நின்றேன். பிறகு உட்கார்ந்தேன். காய்கறிப் பையோடு வந்த அம்மா ஒருவர், "ஏம்ப்பா, வழியில உக்காந்திருக்கே? நாயைத் தூக்கிட்டுப் போயேன்" என்றார்.

"அது யோசிக்குதும்மா" என்றேன். "நீங்க இப்படி ஓரமாப் போயிடுங்க."