வேற என்னல?

அம்மா,

உன் பைபிள் உறையின் ஜிப்பைத் திறந்ததும் தைல வாசம் வந்தது. நீ போய் நான்கு வருஷமாகிறது. வாசம் மட்டும் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. உபவாசம் இருந்தால் உனக்குத் தலைவலி வந்துவிடும். தைலத்தை நெற்றிப்பொட்டில் தேய்த்துவிட்டு அதே விரலால் பக்கம் புரட்டுவாய். சங்கீதப் பக்கங்களின் ஓரமெல்லாம் எண்ணெய் பிடித்துப் பழுப்பேறிக் கிடக்கிறது.

நானாகத் திறக்கவில்லை. உன் பேத்தி எஸ்தர் திறக்க வைத்தாள். அவள் பிளஸ் டூ முடித்துவிட்டாள், அம்மா. நம் சபையில் இப்போதெல்லாம் பள்ளி முடித்த பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை முன்னால் நிறுத்தி ஜெபிக்கிறார்கள். அப்பாவோ அம்மாவோ மைக்கில் இரண்டு நிமிஷம் புத்தி சொல்ல வேண்டும். "ஆச்சி பைபிளைக் கையில வச்சிகினு பேசுப்பா, கெத்தா இருக்கும்" என்றாள். அந்த 'வச்சிகினு'வுக்கே நீ அவள் காதைத் திருகியிருப்பாய். ஆவடி குவார்ட்டர்ஸில் அத்தனை வருஷம் இருந்தும் உன் திருநெல்வேலிப் பேச்சு ஒரு எழுத்துக்கூடக் கரையவில்லை.

சங்கீதப் பக்கங்களுக்குள்ளிருந்து அந்த அட்டை விழுந்தது.

ரோஜாப்பூ படம் போட்ட வாக்குத்தத்த அட்டை. நான் பிளஸ் டூ படித்த வருஷம், புத்தாண்டு ஆராதனையில் தட்டிலிருந்து எனக்காக நீ எடுத்தது. அந்த வருஷத்துக்கு ஆண்டவர் எனக்கென்று கொடுத்த வசனம் என்று சொல்லி, ஒவ்வொரு பரீட்சைக்கும் என் சட்டைப் பையில் வைத்து அனுப்பினாய். பயப்பட வேண்டாம் என்று சொல்லும் வசனம். நான் பயப்படத்தான் இல்லை. கடைசிப் பரீட்சை கெமிஸ்ட்ரி. அதற்கு முந்தின சாயங்காலம், அட்டையின் வெள்ளைப் பின்பக்கத்தில் கூராகச் சீவிய பென்சிலால் ஆர்கானிக் சமன்பாடுகளைப் பொடிப்பொடியாக எழுதி வைத்துக்கொண்டேன்.

மேற்பார்வைக்கு வந்த வாத்தியார் நெற்றி நிறைய விபூதி பூசியவர். எல்லார் பையையும் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தவர் என் பையிலிருந்து அட்டையை எடுத்தார். வசனத்தைப் படித்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். "சாமி வார்த்தை, பையிலயே இருக்கட்டும்பா. நல்லா எழுது" என்று அவர் கையாலேயே திருப்பி வைத்தார். பின்பக்கம் பார்க்க வேண்டுமென்று அந்த மனுஷனுக்குத் தோன்றவே இல்லை. பரீட்சையில் பிட் அடித்தவர்கள் ஊரில் எத்தனையோ பேர். வசனத்தின் முதுகில் எழுதி அடித்தவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் அட்டையைக் கேட்டாய். பாத்ரூமுக்குள் போய் ரப்பரால் அழுத்தி அழித்துவிட்டுத்தான் கொடுத்தேன். நீ முத்தமிட்டு பைபிளுக்குள் வைத்தாய்.

பரீட்சை நாட்களில் நீ தனியாக உபவாசம் இருக்கவில்லை. எதிர்வீட்டு ஸ்டெல்லா ஆன்ட்டியும் உன்னோடு இருந்தார்கள். அவர்கள் மகள் மேரியும் அந்த வருஷம்தான் பிளஸ் டூ. நம் முன்னறையில் ஒரே பாயில் இரண்டு பேரும் முழங்காலில் நின்று, என் பேரையும் மேரி பேரையும் மாற்றி மாற்றிச் சொல்லி ஜெபிப்பீர்கள். நான் தாண்டிக் குதித்துப் போவேன்.

ரிசல்ட் வந்தது. கெமிஸ்ட்ரியில் எனக்கு இருநூற்றுக்கு நூற்று எழுபத்தொன்று. மேரி அதே கெமிஸ்ட்ரியில் ஃபெயில்.

"எப்படில இவ்வளவு மார்க்கு? மாடல் பரீட்சையில தட்டுத்தடுமாறிலா பாஸ் ஆன?" என்றாய். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, பூரித்துப்போய்க் கேட்டாய். சிரித்து மழுப்பியிருக்கலாம். "எல்லாம் உன் ஜெபந்தாம்மா" என்றேன். என் வாழ்க்கையில் நான் செய்த கேவலமான காரியம் பிட் அடித்ததில்லை, இந்த ஒரு வாக்கியம்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து சாட்சி சொன்னாய். மகன் மக்கு என்று எல்லாரும் சொன்னதையும், நீ முழங்காலில் நின்றதையும், ஆண்டவர் கேட்டதையும் சொல்லி அழுதாய். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். நான் குனிந்து காலில் செருப்பு வார் பதிந்த தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாஸ்டர் அதைத் தாழ்மை என்று மெச்சினார்.

சாயங்காலம் ஸ்டெல்லா ஆன்ட்டி வந்தார்கள். நான் உள்ளறையில் இருந்தேன். "ஒரே பாயில தானே முட்டி போட்டோம் அக்கா. உன்து கேட்டார், என்து கேக்கலியே. என் ஜெபத்துல இன்னா கொற கீது, சொல்லு" என்று கேட்டு அழுதார்கள். கதவுக்கு இந்தப் பக்கம் பதிலை வைத்துக்கொண்டு நான் நின்றேன். அவர்கள் போன பிறகு நீ பைபிளோடு ஜன்னலோரத்தில் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தாய்.

அடுத்த மாதம் கோயம்புத்தூரில் இன்ஜினீயரிங் சேரக் கிளம்பினேன். ஆவடி ஸ்டேஷனில் அப்பா டிக்கெட் வாங்கப் போயிருந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று புத்தி சொன்னாய். "ஜெபத்தை விடாத. எண்ணெய் தேய்ச்சுக் குளி. ஆமான்னா ஆமாங்கணும், இல்லன்னா இல்லங்கணும். ரெண்டுக்கும் நடுவுல நின்னு பேசாதல." பிறகு என் முகத்தையே பார்த்தாய். "வேற என்னல?" என்றாய்.

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லையா?"

"இல்ல."

வண்டி வந்துவிட்டது.

அதற்குப் பிறகு அந்தச் சாட்சியை நீ எங்கேயும் சொல்லவில்லை. ஸ்டெல்லா ஆன்ட்டி மனசு நோகக்கூடாதென்று நிறுத்திவிட்டாய் என நினைத்து நிம்மதியாக இருந்தேன். ஹாஸ்டலுக்கு, வேலைக்குப் போன ஊர்களுக்கு, கடைசியில் ஐயப்பன்தாங்கலில் நான் வாங்கிய வீட்டுக்கு, எங்கே போன் செய்தாலும் முடிக்கும்போது "வேற என்னல?" என்பாய். எல்லாரும் அப்படித்தானே போனை வைக்கிறார்கள்? "ஒண்ணுமில்லம்மா, வச்சிரவா?" என்பேன். நீ உடனே வைக்கமாட்டாய். காது மந்தமாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

விழுந்த அட்டையைத் திருப்பிப் பார்க்க எனக்கு இரண்டு நாளாயிற்று. சனிக்கிழமை காலை ஜன்னலோரம் போய்ச் சாய்த்துப் பிடித்தேன். பென்சில் கறுப்பு போயிருந்தது. அழுத்தி எழுதிய தடம் போகவில்லை. வெயிலில் ஒவ்வொரு சமன்பாடும் பள்ளம் பள்ளமாகத் தெரிந்தது. நீ கண்ணாடி போடாமல் அரிசியில் கல் பொறுக்கியவள். ஸ்டெல்லா ஆன்ட்டி அழுதுவிட்டுப் போன அன்றைக்கு ஜன்னலோரத்தில் இதைத்தான் பார்த்தாய், இல்லையா? பார்த்துவிட்டு என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. நானாகச் சொல்லட்டும் என்று வாசலைத் திறந்து வைத்துவிட்டு, சாகும்வரை கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாய். நான்தான் ஒவ்வொரு தடவையும் போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் சபையில் மைக் பிடித்தேன். அட்டை சட்டைப் பையில் இருந்தது. சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். முன்னால் அத்தனை முகங்கள். எஸ்தர் புதுச் சுடிதாரில் நின்றாள். வாய் தானாக வேறு பாதையில் போயிற்று. "எங்க அம்மா சொல்வாங்க, ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல..." என்று உன் புத்தியை எடுத்து என் புத்திபோல அழகாகச் சொன்னேன். ஆமென் பலமாகக் கேட்டது. வெட்கத்தில் காது இரண்டும் எரிந்தது, அம்மா.

ஆராதனை முடிந்து காபி கொடுத்தார்கள். ஸ்டெல்லா ஆன்ட்டி இப்போது மேரியோடு முத்தாபுதுப்பேட்டையில் இருக்கிறார்கள். மேரி அந்தப் பரீட்சையைத் திரும்ப எழுதவே இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் தையல் வேலைக்குப் போனவள், இன்னும் போய்க்கொண்டிருக்கிறாள். ஆன்ட்டி என் கையைப் பிடித்து, "அப்பிடியே உங்க அம்மா பேசின மாரியே கீது நைனா" என்றார்கள். அதற்குமேல் என்னால் முடியவில்லை. என்ன செய்கிறோம் என்று தெரியாமல் கையிலிருந்த காபியை அவர்களிடம் நீட்டினேன்.

"வேணாம்பா. நான் காப்பி தொட மாட்டேன், தெரியாதா உனக்கு?"

தெரியும். அல்சர் என்று நினைத்திருந்தோம். செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்று அட்டையை எடுத்துக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். ஆன்ட்டி அட்டையைத் தூக்கிப் பார்த்தார்கள். பின்பக்கத்தை விரலால் தடவினார்கள்.

"அந்த கெமிஸ்ட்ரி பரீச்ச அன்னிக்கு உபவாசத்துல மயக்கமா வந்துச்சின்னு ஒரு வாய் காப்பி குடிச்சிட்டேன்" என்றார்கள் பிறகு. "உங்க அம்மாவாண்ட கூட சொல்லல. அதான் ஆண்டவர் கேக்கலன்னு, அன்னிலேருந்து காப்பிய வுட்டுட்டேன். இத்தினி வருசமா என்னால தான் மேரி இப்பிடி ஆச்சின்னு நெனச்சிகினு கீறேன் தம்பி."

மன்னிப்பு கேட்டேன். அவர்கள் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. என் கையிலிருந்த கப்பை வாங்கிக்கொண்டார்கள். அது ஆறிப்போயிருந்தது. குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்கள்.

எஸ்தர் பக்கத்திலேயே இருந்திருக்கிறாள். ஆட்டோவில் உன் பைபிளை மடியில் வைத்துக்கொண்டு வந்தவள், பூந்தமல்லி தாண்டிய பிறகுதான் வாய் திறந்தாள். "இதை மைக்ல சொல்லியிருக்கலாமேப்பா?"

"சொல்லியிருக்கணும்" என்றேன்.

அடுத்த வாரம் அவள் ஹாஸ்டலுக்குப் போகிறாள். எனக்கு அவளிடம் சொல்ல புத்தி எதுவும் மிச்சமில்லை. உன் கேள்வி மட்டும் இருக்கிறது. ஒவ்வொரு தடவை போன் வைக்கும்போதும் கேட்பேன். கேட்டுவிட்டு, நீ காத்திருந்தது போலக் காத்திருப்பேன். அட்டை இப்போதும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது, பின்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி.

ஸ்டேஷனில் நீ கேட்டதற்கு நான் அன்றைக்குச் சொன்ன பதில் பொய். இன்றைக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். இப்போது கேள் அம்மா.

வேற ஒண்ணுமில்லம்மா.