மைனஸ் நான்கு புள்ளி மூன்று

ஹோம்ரிட்ஜ், யார்க்‌ஷயர்
14 டிசம்பர் 2017

அன்புள்ள க்ளெனிஸ்,

கடற்கரைக் காற்று உன் முட்டிவலிக்கு ஒத்துக்கொண்டது என்று கேள்விப்பட்டேன், சந்தோஷம். இங்கே பள்ளிக் கூரை ஒழுகுகிறது, சமையற்கட்டில் வழக்கமான சண்டை.

பதினொரு வயதுப் பிள்ளைகளின் தேர்வு முடிவு வந்துவிட்டது. நூறு எடுத்தால் போதும் என்ற இடத்தில் எங்கள் சராசரி நூற்று நான்கு. பெற்றோர்கள் கேக் கொண்டுவந்தார்கள். ஆனால் நீ ஓய்வு பெற்ற பிறகு இன்னொரு எண்ணையும் சேர்த்து வெளியிடுகிறார்கள், 'முன்னேற்றம்' என்று பெயர். ஏழு வயதில் வேலி தாண்டி என் பள்ளிக்கு அனுப்பும்போது உன் பள்ளி ஒரு குழந்தைக்கு என்ன நிலை போட்டதோ, நாடு முழுக்க அதே நிலை வாங்கிய பிள்ளைகளோடு பதினொரு வயதில் அதை ஒப்பிடுவார்கள். அவர்கள் அளவுக்கு வந்திருந்தால் பூஜ்யம். வாசிப்பில் எங்களுக்கு மைனஸ் நான்கு புள்ளி மூன்று.

நிர்வாகக் குழுத் தலைவர் டெஸ்மண்ட் ஹெய்க் தாளை மேசையில் போட்டார். "ஏன் ஹிலரி, வேலிக்கு அந்தப் பக்கம் புத்திசாலியா இருந்த புள்ளைங்க, உங்க பக்கம் வந்து நாலு வருஷத்துல மக்காயிடுச்சா?" என்றார். நான் சிரிக்கவில்லை. ஈஸ்டருக்குள் தலைமையாசிரியை வேலையை விட்டு என்னைப் போகச் சொல்வார்கள் போலிருக்கிறது.

ஏழு வயதுக்கு இரண்டாம் நிலையே போதும், ஐம்பத்தெட்டுப் பேரில் முப்பத்தொன்பது பேருக்கு நீ மூன்றாம் நிலை போட்டிருக்கிறாய். இப்போதுதான் பழைய தாள்களை எடுத்துப் பார்த்தேன். அது கொஞ்சம் தாராளம் இல்லையா? குழுவுக்கு ஒரு வரி எழுதிப் போடுவாயா?

அன்புடன்,
ஹிலரி

ஃபைலி
2 ஜனவரி 2018

என் அருமை ஹிலரி,

புத்தாண்டு வாழ்த்து. நாய்க்குட்டி ஒரு செருப்பைத் தின்றுவிட்டது, மற்றதை எனக்கு விட்டுவைத்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் வாரம் ஒரு மீன் தருகிறார். அதைத் தவிர செய்தி இல்லை.

நான் கண்டதைத்தான் போட்டேன். என் வகுப்பில், ஆசிரியை பக்கத்தில் உட்கார்ந்திருக்க, தெரிந்த புத்தகத்தை ஒரு குழந்தை வாசித்தால் நன்றாகத்தான் வாசிக்கும். ஆறு வாரக் கோடை விடுமுறையில் பாதி மறந்துவிடும். அந்தப் பழி என் தலையில் ஏன்? உன் ஆசிரியர்களைக் கேட்டாயா?

இப்போதுதான் பார்த்ததாக எழுதியிருக்கிறாய். சரி, அப்படியே இருக்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
க்ளெனிஸ்

ஹோம்ரிட்ஜ்
11 ஜனவரி 2018

க்ளெனிஸ்,

கோடை விடுமுறை எல்லா ஊரிலும் ஆறு வாரம்தான். மற்ற ஊர்களில் மைனஸ் நான்கு வரவில்லை.

ஜூலை மாதம் உன் பிள்ளைகள் தங்கள் நோட்டுகளைப் பெட்டியில் போட்டு வேலிக் கதவு வழியாகத் தூக்கிக்கொண்டு வருவார்களே, அந்தப் பெட்டிகள் இன்னும் பரணில் இருக்கின்றன. லேசி ஃபிர்த் எழுதிய வாசிப்புத் தாளில் முப்பதுக்கு ஒன்பது. உன் பட்டியலில் அவளுக்கு மூன்றாம் நிலை. இப்படிப் பதினேழு தாள்கள் வைத்திருக்கிறேன். தாளை மட்டும் காட்டினால் நான் சாக்குத் தேடுகிறேன் என்பார்கள். நீ சொன்னால்தான் நம்புவார்கள்.

குழு பிப்ரவரி ஆறாம் தேதி கூடுகிறது. உன் மேல் கோபமாக இருக்கிறேன், அதை மறைத்து எழுத எனக்குத் தெரியவில்லை.

ஹிலரி

ஃபைலி
27 ஜனவரி 2018

அன்புள்ள ஹிலரி,

டெஸ்மண்டுக்கு உண்மையை எழுதி நேற்று தபாலில் அனுப்பிவிட்டேன். நகல் இத்துடன் இருக்கிறது.

அது என் கடைசி வருடம். முந்தைய இரண்டு முறையும் பள்ளியைக் குறை சொல்லிவிட்டுப் போன ஆய்வாளர்கள் மூன்றாம் முறை வரவிருந்தார்கள். மறுபடியும் மோசம் என்றால் பதினோரு பேருக்கு வேலை போகும். ஏழு வயதுக் குழந்தைக்கு ஒரு படி கூட்டிப் போட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். அந்தப் படியிலிருந்து நீதான் ஏற வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஒன்றை மட்டும் அதில் எழுதவில்லை. அந்த செப்டம்பரில் லேசியின் நோட்டோடு என் வீட்டுக்கு வந்தாய். "இந்தப் பொண்ணு இன்னும் எழுத்துக் கூட்டித்தானே படிக்குது, மூணாம் நிலையா?" என்றாய். "விடுடி, முடிஞ்ச கதை" என்றேன். "சரி, நான் பாத்துக்கறேன்" என்று டீயைக் குடித்துவிட்டுப் போனாய். என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றுதான் நான்கு வருடம் வாயைத் திறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்வதா வேண்டாமா என்பது உன் இஷ்டம்.

அந்த ஊரில் என்னைப் பற்றி இனி என்ன பேசினாலும் பரவாயில்லை. நீ மட்டும் எழுது.

என்றும் உன்,
க்ளெனிஸ்

ஹோம்ரிட்ஜ்
8 பிப்ரவரி 2018

அன்புள்ள க்ளெனிஸ்,

உன் கடிதத்தைக் குழுவில் சத்தமாக வாசித்தார்கள். வெளியிட்ட எண்ணை மாற்ற முடியாதாம், இணையத்தில் அப்படியே இருக்கும். ஆனால் என் வேலைக்கு ஆபத்தில்லை. டெஸ்மண்ட் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். உன்னைப் பற்றி அங்கே பேசியதை எழுத மாட்டேன்.

கடைசியில் அவர் கேட்டார். "உங்களுக்கு இதெல்லாம் முன்னாடியே தெரியாதில்ல, ஹிலரி?"

தெரியாது என்றேன்.

வாய் தவறி வந்த வார்த்தை இல்லை. யோசிக்க நேரம் இருந்தது. என்ன சொல்லப்போகிறேன் என்பது உன் கடிதம் வந்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது.

பரணிலிருந்த பெட்டிகளைக் குப்பைக்கு அனுப்பிவிட்டேன். லேசி இப்போது பெரிய பள்ளியில் நன்றாகப் படிக்கிறாளாம், அவள் அம்மா சொன்னாள். எழுது என்று கேட்டிருக்கிறாய். உண்மை தெரிந்த ஒரே ஆளுக்கு என்னால் எழுத முடியாது, க்ளெனிஸ். நீயும் எழுதாதே.

ஹிலரி