கழுவிய காரும் கசிந்த அப்சோர்பரும்

அனுப்புநர்:
வேதநாயகி த/பெ செல்லப்பன்,
மாசாய், ஜொகூர்.

பெறுநர்:
புகார்ப் பிரிவு அதிகாரி,
பயனீட்டாளர் உதவி அலுவலகம்,
ஜொகூர் பாரு.

பொருள்: தேய்ந்த பின்சக்கர அப்சோர்பர்களை உத்தரவாதத்தின்கீழ் மாற்றித் தர மறுப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் காரின் ஐந்தாண்டு உத்தரவாதம் நவம்பர் 30ஆம் தேதி முடிகிறது. குலுக்கலைத் தாங்கும், உள்ளே எண்ணெய் நிரம்பிய அப்சோர்பர்களும் அதில் அடக்கம். ஆகஸ்டு முதல், லாரிகள் ஓடும் எங்கள் சாலையின் ஒவ்வொரு பள்ளத்திலும் காரின் பின்பகுதி தொப்பென்று விழுகிறது.

2. என் கணவர் வயிரவனுக்கு ஜூலையில் முதுகெலும்பில் அறுவை சிகிச்சை நடந்தது. வாரம் இருமுறை அவரைப் பின்னிருக்கையில் படுக்கவைத்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறேன். குலுக்கல் கூடாது என்பது மருத்துவரின் கண்டிப்பு. என் கணவரோ வலியை வாய்விட்டுச் சொல்பவர் அல்லர்.

3. செப்டம்பர் 9ஆம் தேதி காரைச் சேவை மையத்திற்குக் கொண்டுசென்றேன். அழுக்கான பொருளைப் பிறர் கையில் கொடுப்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. ஆகவே முதல் நாளே அடிப்பாகம் வரை கழுவச் செய்திருந்தேன். பரிசோதித்த ஊழியர் கவின், "எண்ணெய் கசிஞ்ச அடையாளமே இல்லக்கா. இவ்ளோ சுத்தமா இருந்தா நான் எதைப் படம் எடுத்து அனுப்புறது?" என்றார். அடிப்பாகம் கழுவப்பட்டுள்ளது, கசிவுக்குச் சான்று இல்லை என்று சீட்டு எழுதித் தந்து, ஒரு மாதம் கழுவாமல் ஓட்டிவரச் சொன்னார்.

4. அப்படியே செய்தேன். ஆயுத பூசைக்குக்கூடக் கழுவாமல், தூசியின் மேலேயே சந்தனம் வைத்தேன். அக்டோபர் 13ஆம் தேதி, இரு அப்சோர்பர்களிலும் எண்ணெய் வழிந்திருப்பதைக் கவினே காட்டினார். ஆனால் மேலாளர் ஷாமளா, முந்தைய சீட்டில் 'அடிப்பாகம் கழுவப்பட்டுள்ளது' என்றிருப்பதைச் சுட்டிக்காட்டினார். தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவியதால்தான் கசிவு வந்தது, அதற்கு உத்தரவாதம் இல்லை என்று இன்னொரு சீட்டு எழுதித் தந்தார். குலுக்கல் தாங்காமல்தானே முதலில் வந்தேன் என்றேன். "அப்போ கசிவு இருந்ததா எங்க ரெக்கார்டுல இல்லீங்க மேடம்" என்றார்.

5. இரு சீட்டுகளையும் அருகருகே வைத்துப் பலமுறை படித்துவிட்டேன். கழுவியதால் கசிவு மறைந்ததா, கழுவியதால் கசிவு வந்ததா? இரண்டும் ஒரே கழுவலைப் பற்றியவை. தவறு என்னுடையதாகவும் இருக்கலாம். அதையாவது யாரேனும் விளங்கும்படி சொன்னால் நன்று.

6. எனவே, உத்தரவாதம் முடிவதற்குள் அந்த மையத்தைச் சாராத ஒருவரைக் கொண்டு காரைப் பரிசோதிக்கவும், குறை உறுதியானால் அப்சோர்பர்களை மாற்றித் தரச் செய்யவும் வேண்டுகிறேன். பரிசோதனைக்குக் காரைக் கழுவிக் கொண்டுவருவதா, கழுவாமல் கொண்டுவருவதா என்பதைத் தயவுசெய்து எழுத்தில் தெரிவியுங்கள். தங்கள் பதில் வரும்வரை காரைத் தொடமாட்டேன், வாரம் இருமுறை மெதுவாக ஓட்டிச் செல்வதைத் தவிர.

இணைப்பு: இரு சீட்டுகளின் நகல்கள்.

நாள்: 27.10.2025
இடம்: மாசாய்

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
செ. வேதநாயகி