வரிசையில் நிற்கும் உமது வீடு

என்றும் அன்பு குறையாத ரவீந்திரன் மச்சானுக்கு,

நீர் எங்களை விட்டுப் போன பின் வரும் இரண்டாவது குளிர்காலம் இது. டோஸ்ட்ருப்பில் இந்த வாரம் பனி விழவில்லை. வெளிக்காத வானமும் விடாத தூறலும்தான். உமது மகள் நிலா விபோர்க்கில் நலமாக இருக்கிறாள். வசந்த காலத்தில் அவளுக்குக் குழந்தை பிறக்கவிருக்கிறது. உமக்குத்தான் அவள் இதை முதலில் சொல்லியிருப்பாள். இப்போது அவள் சார்பில் நான் சொல்கிறேன்.

மற்றச் செய்தி வீட்டைப் பற்றியது. அது நல்ல செய்தி அல்ல.

குடும்ப விடயத்தை ஏன் பலரும் படிக்கும் சஞ்சிகையில் எழுதுகிறீர் என்று நீர் கேட்பீர். நம்மவர்களில் பலர் இந்த டெனிஷ் நாட்டில் பழைய வீடுகளை வாங்கியிருக்கிறார்கள். கூரையையும் குழாய்களையும் பார்த்து வாங்கினார்கள். மண்ணைப் பார்க்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? அவர்களும் படிக்கட்டும். தெருவின் பெயரையும் அதிகாரியின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். ஒரு கொம்யூனின், அதாவது உள்ளூராட்சி மன்றத்தின், சட்டப் பிரிவில் வேலை செய்து வந்தவனுக்கு, நிரூபிக்க முடியாத ஒரு வாக்கியத்தை எழுதுவது சோற்றில் கல் கடிபடுவதைப் போன்றது.

ஆகவே இதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உமது நோய் அந்த வீட்டிலிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை. எந்த மருத்துவரும் அப்படிச் சொல்லவில்லை. இல்லை என்றும் எவரும் சொல்லவில்லை. இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில்தான் நானும் உமது மனைவியான என் தங்கை வசந்தியும் இருக்கிறோம்.

நீர் வாங்குவதற்கு நெடுங்காலம் முன்பு அந்த வளவில் ஓர் உலர்சலவைக் கடை இருந்திருக்கிறது. துணியில் எண்ணெய்க் கறை நீக்கும் திரவம் ஆண்டுக் கணக்கில் நிலத்துக்குள் இறங்கியது. அது மண்ணோடு மண்ணாகப் போய்விடும் பொருள் அல்ல. மெல்லக் கீழே நிலத்தடி நீரை நோக்கிப் போகும். ஆவியாக மேலேயும் வரும். பழைய தொழில் முகவரிகளைத் தேடிக்கொண்டு வந்த பிராந்திய நிர்வாகம் உமது கதவைத் தட்டிய நாளில்தான் நாம் இதை அறிந்தோம்.

மேலே வந்த ஆவி முதலில் சேரும் இடம் நிலக்கீழ் அறை. அதுதான் உமது கீழ்க் குசினி. நம்மவர் வீடுகளில் அது வழக்கம்தானே. மேல் குசினி தேநீருக்கும் விருந்தினர் பார்வைக்கும். பொரியல் எல்லாம் கீழே. பிள்ளையின் குளிர்கோட்டு எண்ணெய் மணத்தோடு பள்ளிக்கூடம் போகக் கூடாது என்று செய்த ஏற்பாடு, பிள்ளை படித்து வேலைக்குப் போன பிறகும் அப்படியே நிலைத்துவிட்டது. சனிக்கிழமைகளில் கோயிலுக்கும் பிறந்தநாள் வீடுகளுக்கும் ரோல்ஸ் பொரித்தபடி நீர் கீழேயே இருப்பீர். குளிருக்கென்று அங்கே சன்னலைத் திறப்பதில்லை.

மாசுபடுத்தியவரே செலவைச் சுமக்க வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டத்தின் அடிப்படைகளில் ஒன்று. படிக்கும் காலத்தில் எனக்கு மிகவும் பிடித்த விதி. ஆனால் சலவைக்கடைக்காரர் இறந்துவிட்டார். அவருடைய நிறுவனம் அதற்கும் முன்பே கலைக்கப்பட்டுவிட்டது. மாசு இருக்கிறது, மாசுபடுத்தியவர் இல்லை. அந்த இடத்தில் விதி நின்றுவிடும், அரசின் நிதி தொடங்கும். அப்படித்தான் உமக்கு விளக்கினேன். நீர் கேட்ட கேள்வி நினைவிருக்கிறதா?

"மச்சான், கடையில பிளாஸ்டிக் பைக்குக் காசு, காருக்கு வரி, தண்ணிக்கு வரி, குப்பைக்கு வரி. எல்லாம் சுற்றாடலுக்கெண்டுதானே எடுக்கினம்? அந்தக் காசுக்கு என்ரை வீட்டுக்கு வர வழி தெரியேல்லையோ?"

"அது பொதுத் திறைசேரிக்குப் போகுது மச்சான். பேர் மட்டுந்தான் சுற்றாடல் வரி. மண்ணைத் துப்புரவாக்கிறதுக்கு எவ்வளவு எண்டு வருசா வருசம் கட்சியள் இருந்து கதைச்சுத்தான் முடிவெடுக்கினம்."

"அப்ப எங்கட கோயில் மாதிரித்தான். தேருக்கு உபயகாரர் அடிபடுகினம். கக்கூஸ் அடைச்சால் ஒரு உபயகாரனையும் காணேல்லை!"

நான் சிரித்தேன். இப்போது அந்த வாக்கியத்தை எந்தச் சட்டக் கருத்துரையை விடவும் அடிக்கடி நினைக்கிறேன். காற்றாலை திறந்து வைக்கப்படும்போது படம் எடுக்கலாம். காடு வளர்க்கும்போது அமைச்சர் மண்வெட்டியோடு நிற்கலாம். ஒரு வீட்டின் கீழ் இருந்த கெட்ட களிமண் அகற்றப்பட்டதை எப்படிப் படம் எடுப்பது? கண்ணுக்குத் தெரியாத தீங்குக்குக் கண்ணுக்குத் தெரியாத அளவில்தான் பணம் ஒதுக்கப்படுகிறது. இதில் எவரும் கெட்டவர் அல்லர், மச்சான். அதுதான் என் நம்பிக்கையை அதிகம் குலைப்பது. குற்றம் சாட்ட ஓர் ஆள் இருந்திருந்தால் நான் வழக்கு எழுதியிருப்பேன்.

இலையுதிர் காலத்தில் அடுத்த ஆண்டுக்கான தொகை முடிவாகிறது. அந்தத் தொகைக்குள் மோசமான இடங்கள் முதலில் எடுக்கப்படுகின்றன. தொகை தீரும் இடத்தில் அந்த ஆண்டின் வேலையும் தீர்கிறது. மிச்சம் வரிசையில் நிற்கிறது. உமது வீடு நிற்கும் வரிசை, அறியாமல் வாங்கிக் குடியிருப்போருக்கானது. வீட்டை விற்றுவிட்டுப் போனால் அந்த இடமும் போய்விடும். 'கிடைக்கும் நிதி வரம்புக்குள்' என்ற சொற்றொடரை நானே என் மேசையில் இருந்து எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறேன். சட்டப்படி அது சரியான சொற்றொடர். என் தங்கைக்கு வந்த கடிதத்தில் அவள் பெயருக்குக் கீழே அதைப் படித்தபோது, அது ஒரு பதிலே அல்ல என்று பட்டது.

வரிசையில் வீட்டின் இடத்தைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் காற்று. நீர் இருந்த காலத்தில் ஒரு பெண் அதிகாரி வந்து கீழேயும் மேலேயும் காற்றை அளக்கும் விரல் நீளக் குழாய்களைத் தொங்கவிட்டார். அவை சில நாட்கள் அங்கேயே தொங்க வேண்டும். வழமைபோல வாழுங்கள், அது போதும் என்று சொல்லிவிட்டுப் போனார். முடிவு வந்தது. எதிர்பார்த்ததைவிடக் குறைவு. வசந்தி தொலைபேசியில் துள்ளினாள். "அண்ணை, எங்கட வீட்டுக் காத்து நல்ல காத்தாம்!" வீடு வரிசையின் கீழ்ப்பகுதிக்கு இறங்கியது. அதன் பிறகு உமக்கு நோய் வந்தது. நோயைப் பார்ப்பதா, வரிசையைப் பார்ப்பதா? எல்லோரும் வரிசையை மறந்தோம்.

சென்ற இலையுதிர் காலத்தில் அதே அதிகாரி மறுபடி வந்தார், கோப்பைப் புதுப்பிக்க. வசந்தி தனியாக இருப்பதால் நான் அல்பர்ட்ஸ்லுண்டிலிருந்து போயிருந்தேன். கீழ்க் குசினியில் அடுப்புக்கு மேலே சுவரில் படிந்திருந்த எண்ணெய்க் கறையை அந்தப் பெண் உற்றுப் பார்த்தார். இங்கே அதிகம் சமைப்பீர்களா என்று டெனிஷில் கேட்டார்.

"கணவர் இருந்தபோது," என்றாள் வசந்தி. பிறகு அவரைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று நினைத்தவளாய்ச் சேர்த்தாள். "ஆனால் நீங்கள் அளந்தபோது இல்லை. அந்த நாட்கள் முழுக்க அடுப்பே மூட்டவில்லை. மேலும் கீழும் எல்லாச் சன்னல்களையும் திறந்து வைத்திருந்தோம்."

அதிகாரி கையிலிருந்த கோப்பிக் கோப்பையை வைத்துவிட்டார். "ஏன்?"

"நீங்கள் திரும்பி வரும்போது வீடு மணக்கக் கூடாதல்லவா?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் வசந்தியைப் பார்த்தேன். அவளுக்கு இன்னும் புரியவில்லை. முதல் முறை அளக்க வந்த அதிகாரி வாசலைத் தாண்டியதும் நீர் சொன்னதை அவள் பெருமையோடு எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டினாள்: "வசந்தி, சட்டி வைக்க வேண்டாம். வெள்ளைக்காரர் வாற வீடு. எல்லாத்தையும் திறந்து விடும்."

"மரியாதைக்காகவா?" என்று அதிகாரி மெல்லக் கேட்டார்.

"ஓம்," என்றாள் உமது மனைவி, மொழி மாறிப் போனதை அறியாமல்.

உம்மீது எனக்குக் கோபம் இல்லை. வரும் மனிதருக்காக வீட்டைக் காற்றாட வைத்தீர். அளக்கப்பட வேண்டியது அந்தக் காற்றோடு வெளியே போயிற்று. இப்படி ஒரு பிழையை எந்தச் சட்டமும் முன்கூட்டி நினைத்திருக்காது. 'வழமைபோல' என்று எழுதியவர்கள், விருந்தினருக்கு முன்னால் தம் வழமையை மறைப்பதையே வழமையாகக் கொண்ட குடும்பங்களை அறியமாட்டார்கள்.

மறுபடி அளக்கலாம் என்றார் அதிகாரி. குளிர்காலத்தில், மூடிய சன்னல்களோடு. நல்ல மனிதர், தன் அதிகாரத்துக்குள் செய்யக் கூடியதைச் செய்தார். சென்ற வாரம் குழாய்கள் மீண்டும் தொங்கின.

நிலா எனக்குத் தொலைபேசி எடுத்தாள். "மாமா" என்ற சொல்லை மட்டும் தமிழில் சொன்னாள், மற்றதெல்லாம் டெனிஷ். அம்மாவை விபோர்க்கிற்கு வரச் சொல்லுங்கள், அந்த வீட்டுக்குள் என் குழந்தையை நான் கொண்டு வரமாட்டேன் என்றாள். குரலை உயர்த்தவில்லை. உம்மைப் போலவே முடிவெடுத்த பிறகுதான் பேசுகிறாள்.

இந்தச் சனிக்கிழமை வீட்டுக்குப் போனேன். மேலே யாரும் இல்லை. சன்னல் விளிம்புகளில் ஒட்டு நாடா ஒட்டப்பட்டிருந்தது. கீழே எண்ணெய் கொதிக்கும் சத்தம். இறங்கிப் போனால், உமது மரப்பலகையில் வசந்தி இருக்கிறாள். முகம் வியர்த்திருக்கிறது. பக்கத்தில் ரோல்ஸ் குவிந்து கிடக்கிறது. தின்ன ஆள் இல்லை.

"என்ன வேலை இது?"

"இந்த முறை வெள்ளைக்காரருக்கு நல்லா மணக்கட்டும், அண்ணை."

"நீ தனிச்சிருக்கிறனி. இப்ப இஞ்சை ஆர் சமைக்கிறது? மேல வா."

"அவர் இருந்த மாதிரி இருந்து காட்டுறன். வழமைபோல எண்டுதானே சொன்னவை? இதுதான் எங்கட வழமை."

சட்டம் கேட்பது அவளுடைய இன்றைய வழமையை. இன்றைய வழமை என்ன? மேல் குசினியில் ஒரு கோப்பைத் தேநீர், பாண். உம்மோடு போன வழமையை மறுபடி வாழ்ந்து காட்டினால்தான் அளவு உண்மையாகும் என்று அவள் நம்புகிறாள். அது உண்மையா, பொய்யா? ஒரு பரீட்சைத் தாளில் வந்திருந்தால் நான் இரண்டு பக்கம் எழுதியிருப்பேன். என் தங்கை கெட்ட காற்றுக்குள் இருந்து இருமிக்கொண்டிருந்தாள்.

"விட்டிடு, வசந்தி. வித்திட்டு நிலாவிட்டைப் போ. என்ன விலை வந்தாலும் வரட்டும்."

அவள் அடுப்பை அணைத்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"சட்டம் படிச்ச நீங்களே விடச் சொல்லுறியளோ?"

"ஓம்."

"அப்ப அவர் இவ்வளவு காலம் வரிசையில நிண்டது என்னத்துக்கு?"

உரிமை உள்ள ஒருவரிடம் அந்த உரிமையைக் கைவிடும்படி நான் என் தொழில் வாழ்க்கையில் ஒருநாளும் சொன்னதில்லை. முதன்முதலில் சொன்னது என் கூடப்பிறந்தவளிடம். அவள் என்னைக் கடந்து படியேறிப் போனாள். எனக்குத் தேநீர் தரவில்லை. வசந்தி வீட்டில் தேநீர் இல்லாமல் நான் திரும்பியது அன்றுதான்.

நாடாக்களை அவள் இன்னும் கழற்றவில்லை. குழாய்கள் தொங்கிக்கொண்டிருக்கின்றன. நான் இதை எழுதும் இந்த நேரத்திலும் அவள் அந்தக் காற்றுக்குள் இருக்கிறாள். அளவு அதிகமாக வரும் என்றே நினைக்கிறேன். வீடு வரிசையில் மேலே ஏறும். இந்த ஆண்டின் தொகை ஏற்கெனவே பிரித்துக் கொடுக்கப்பட்டுவிட்டது. அடுத்த ஆண்டின் தொகை எவ்வளவு என்று இன்று எவருக்கும் தெரியாது. அதுவரை? அவள் அங்கேயே குடியிருக்க வேண்டும். துப்புரவாக்கப்படும் உரிமையை வைத்திருக்க, துப்புரவில்லாத வீட்டில் சுவாசித்துக்கொண்டே இருக்க வேண்டும். எந்தத் தீய எண்ணமும் இல்லாமல், நியாயமான ஒவ்வொரு விதியையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, நாம் இங்கே வந்து சேர்ந்திருக்கிறோம். மச்சான், நான் இந்த விதிகளை நம்பித்தானே வாழ்ந்தேன்?

நாம் போன பிறகும் அந்த மண் அப்படியே கிடக்கும். ஆவி யாருமற்ற அறைக்குள் எழும்பும். மிச்சம் நீரை நோக்கி இறங்கும். அதை நிறுத்த என்னால் முடியாது. நிறுத்தக் கூடிய அரசிடம் உமது வீட்டுக்கு இன்னும் முறை வரவில்லை.

ஆகவே என் வாக்குறுதி சிறியது; உமக்குப் பிடிக்கவும் மாட்டாது. உமது வீட்டைக் காப்பாற்றித் தருவேன் என்று நான் சொல்லப்போவதில்லை. வரும் சனிக்கிழமை காரோடு போவேன். அவள் மறுத்தால் அதற்கடுத்த சனிக்கிழமையும் போவேன். குழந்தை பிறக்கும் முன்பு என் தங்கையை அந்த வீட்டிலிருந்து வெளியே கொண்டு வருவேன். வரிசையில் உமது இடம் போகட்டும். உமக்குப் பின்னால் நிற்பவர் யாரோ, அவர் ஓர் அடி முன்னே வரட்டும்.

அவளுக்கு முன் பிறந்தவனும் உமக்கு மச்சானுமாகிய,
தயாபரன்
அல்பர்ட்ஸ்லுண்ட்