ஒரு புத்தகத்துக்கு நான்கு நாள்

என் கண்ணான கிழவிக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, மன்னித்துவிடு. இந்தத் தடவை யாரிடமும் சொல்லி எழுதவைக்கவில்லை. என் கையாலேயே எழுதுகிறேன்!

இந்தச் சிறையில் இப்போது எல்லாரும் கேட்பது, "நீ என்ன படிக்கிறே?" என்றுதான். ஒரு புத்தகம் படித்து, அதைப் பற்றி எழுதிக் கொடுத்தால் தண்டனையில் நான்கு நாள் குறையும். மாதம் ஒன்றுதான் அனுமதி. நான் எடுத்தது ஒரு படகோட்டியின் கதை. "இன்னும் அதே பக்கமா பெருசு? உன் படகு கரை சேர்றதுக்குள்ள நானே விடுதலையாகிப் போயிடுவேன்" என்று சீண்டினான் பக்கத்துப் படுக்கை அடால்டோ. அவனுக்கு இன்னும் பத்தொன்பது வருடம் பாக்கி.

முடித்துவிட்டேன். நீதிபதியும் ஒப்புக்கொண்டார். ஜூலை இருபதில் விடுதலை என்றிருந்தது, பதினாறு ஆகிவிட்டது.

உன்னைப் பற்றி டாக்டர் சொன்னதை மகள் எழுதியிருந்தாள். நானாகப் படித்த முதல் கடிதம் அதுதான். ஜூன் இருபத்துநான்கு, சான் ஜோவான் திருவிழாவுக்கு நெருப்பு மூட்டும் நாள் வரைக்கும்தான் தாங்கும் என்றாராம்.

அதற்குள் இன்னும் இரண்டு புத்தகம் முடித்தால் ஜூலை எட்டு. மீதிப் பதினான்கு நாளை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆஸ்பத்திரியில் தடித்த புத்தகமாகக் கேட்டு வாங்கி, மெதுவாகப் படி. கடைசி அத்தியாயத்தை நான் வந்து வாசிக்கிறேன்.

எந்தப் பக்கத்தில் இருக்கிறேன் என்று அடுத்த வாரம் எழுதுகிறேன். நீயும் உன் பக்கத்தைச் சொல்.

உன் கிழவன்