இரண்டு அரசு, ஓர் உடம்பு

மில்பெண்ட்,
ஜூன் 8

அன்பு மகன் கோர்டலுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் உன் மகள் நடீனும் நலம். இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் பிரித்துப் படிக்கப்போகும் சிறை அதிகாரிக்கும் என் வணக்கம். அவர் நலமாகத்தான் இருப்பார்.

தக்காளி இந்த முறை நன்றாகக் காய்த்தது. பாதியை மான் தின்றுவிட்டது.

முடி வெட்டிக்கொள்ள முடிதிருத்துநர் ஓடமின் கடைக்குப் போனேன். உன் மாநில வழக்கில் ஜூரியாக உட்கார்ந்த பன்னிரண்டு பேரில் அவரும் ஒருவர் அல்லவா? கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார். “ஏம்ப்பா லெமுவேல், உன் பையன் இரவல் வாங்கின வண்டியில, சீட்டுக்கு அடியில கெடந்த துப்பாக்கி அவனோடது இல்லைன்னு நாங்க பன்னெண்டு பேரும் சொல்லியாச்சு. அப்புறம் எதுக்கு மறுபடியும் உள்ள வச்சிருக்கானுங்க? நாங்க அங்க காப்பி குடிக்கவா போனோம்?”

உன் வழக்கறிஞர் ஸ்டிக்னி எனக்குச் சொன்னதையே அவருக்கும் சொன்னேன். அன்று உன்னை விட்டது மாநில அரசு. இப்போது பிடித்திருப்பது மத்திய அரசு. உன்னைப் போலப் பத்தொன்பது வயதில் மதுக்கடைச் சண்டையில் தண்டனை வாங்கியவன் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று இரண்டிடமும் சட்டம் இருக்கிறது. இரண்டும் தனித்தனி அரசுகள். அதனால் இது இரண்டாம் முறை அல்லவாம், இன்னொரு முதல் முறையாம். அரசு இரண்டாக இருக்கலாம், என் பையனுக்கு உடம்பு ஒன்றுதானே என்றேன். ஓடம் மறுபடி கத்தரிக்கோலை எடுத்து வெட்டி முடித்தார். காசு வாங்கவில்லை.

நீ விடுதலையான அன்று ஊரையே கூப்பிட்டு மீன் வறுத்துப் போட்டேனே, என்னைப் போல மடையன் உண்டா?

தீயணைப்பு நிலையத்துப் பான்கேக் விருந்துக்கு நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் வந்திருந்தார். உன் விஷயத்தைக் கேட்டேன். “நாங்க சட்டம் போடறதோட சரி பெரியவரே, கோர்ட்டு விஷயத்துல மூக்கை நுழைக்க முடியாது” என்று சொல்லி என் தட்டில் சிரப் ஊற்றினார். நீதிபதியோ, இரண்டு அரசும் தனித்தனியாக விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதை மீற முடியாது என்கிறார். அரசு வழக்கறிஞர் சட்டத்தில் உள்ளதைத்தான் செய்கிறாராம். அதிகாரம் ஒரே கையில் சேர்ந்து குடிமகனை நசுக்கிவிடக் கூடாது என்றுதான் மூன்றாகப் பிரித்து ஒன்றையொன்று கட்டிப்போட்டார்களாம். நன்றாகத்தான் கட்டியிருக்கிறார்கள். பிடிக்க எல்லோருக்கும் கை இருக்கிறது, விடத்தான் யாருக்கும் இல்லை.

முப்பது வருடம் அந்த மத்திய அரசின் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வீடு வீடாகத் தபால் கொடுத்தேன். நாய் கடித்த கால் மழைக்கு இன்னும் வலிக்கிறது.

ஒரே குற்றத்துக்காக ஒருவரை இருமுறை விசாரிக்கலாமா என்று நடீனின் பள்ளித் தேர்வில் கேட்டிருக்கிறார்கள். கூடாது என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கிவிட்டாள். அந்தத் தாளைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டச் சொன்னாள். ஒட்டினேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நேற்று ஸ்டிக்னி வந்தார். குற்றத்தை ஒப்புக்கொண்டால் இரண்டு வருடம், வழக்காடித் தோற்றால் பத்து வருடமாம். நீ முடியாது என்று சொல்லிவிட்டாயாம். “எங்கப்பா என்னை அப்படி வளர்க்கலை” என்று சொன்னாயாம். கேட்கப் பெருமையாக இருந்தது. அவர் போனதும் கொட்டகைக்குப் போய் உட்கார்ந்து அழுதேன்.

எனக்கு எழுபத்தொன்று ஆகிறது. நடீனுக்கு எட்டு. மீதியை நீயே நினைத்துப் பார். நீ செய்தாயா இல்லையா என்பதைப் பற்றி இந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தையும் எழுத மாட்டேன். அதைப் பன்னிரண்டு பேர் சொல்லிவிட்டார்கள்.

கையெழுத்துப் போட்டுவிடு, மகனே. நீதிபதி உன்னை எழுந்து நிற்கச் சொல்லி, யாராவது உன்னை வற்புறுத்தினார்களா என்று கேட்பார். இல்லை ஐயா என்று சொல். குற்றம் செய்ததால்தான் ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்பார். ஆமாம் ஐயா என்று சொல். குரல் நடுங்காமல் சொல்.

கடவுள் உனக்குத் துணையிருப்பார். நான் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். அந்த இரண்டாவது கேள்வி வரும்போது மட்டும் என் பக்கம் திரும்பாதே.

உன் அப்பா,
லெமுவேல் ப்ரூயிட்