பட்டியலில் நீ சாகவில்லை

இன்று புளி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வந்தேன். ஜமுனாமரத்தூர் சந்தை முடிந்து கிளம்பிய ஜீப். விற்காமல் திரும்பிய மூட்டை ஒன்று வழி நெடுக என் முழங்காலை இடித்துக்கொண்டே வந்தது. அந்தப் புளிப்பும் டீசலும் சேர்ந்து மூக்கில் ஏறினால் எனக்கு உடனே உன் ஞாபகம்தான். உன் ஞாபகம் வந்தால் உடனே வயிறு எரியும். செத்தவர்களை நினைத்தால் கண் கலங்கும் என்கிறார்கள். எனக்குக் கண்ணுக்கு முந்தி வயிறு.

நெல்லிவாசல் போகும் வழியில் டவர் எடுக்கும் அந்த வளைவு உனக்குத் தெரியும். வண்டி அங்கே வந்ததும் எல்லோர் சட்டைப்பையும் ஒரே நேரத்தில் கத்தும். ராமண்ணா இன்னமும் அதே பழக்கம்தான். ஜீப்பை ஓரங்கட்டி, "பேசறவங்க பேசிக்குங்க" என்று இறங்கிப் பீடி பற்றவைத்தார். என் போனிலும் ஒன்று வந்து விழுந்தது. உலகின் முன்னணிக் கணினி அறிவியல் ஆய்வாளர்கள், இந்த ஆண்டின் தரவரிசை வெளியாகிவிட்டது.

திறந்தேன். பொய் எதற்கு, முதலில் என் பெயரைத்தான் தேடினேன். இல்லை. அப்புறம் உன் பெயர். போன ஆண்டைவிட மேலே ஏறியிருக்கிறாய். மண்ணுக்குள் போய்ப் படுத்தவன், ஒரு வரி எழுதாதவன், ஒரு மாநாட்டுக்குப் போகாதவன், படுத்த இடத்திலிருந்தே ஏறியிருக்கிறாய்! நான் உயிரோடு இருந்து, ஞாயிற்றுக்கிழமையும் லேபில் போய் உட்கார்ந்து, கண்ணாடி பவர் ஏறியதுதான் மிச்சம். இது எந்த ஊர் நியாயம், நீயே சொல். போதாததற்கு உன் பெயருக்குப் பக்கத்தில் உன் சிரித்த முகம். நீலக் கட்டம் போட்ட சட்டை. அது என் சட்டைடா. போட்டோ எடுக்க வேண்டும் என்று வாங்கிப் போனாய், திருப்பித் தரவேயில்லை.

"தரவரிசைன்னா இன்னா தம்பி?" என்று ராமண்ணா ஒருமுறை உன்னைக் கேட்டார். நீ ஸ்டெப்னி டயர் மேல் உட்கார்ந்துகொண்டு சொன்னாய்: "நான் எழுதனத எத்தினி பேரு அவங்க எழுதறதுல எடுத்துச் சொல்றாங்கன்னு கம்ப்யூட்டர் எண்ணும்ணா. நெறைய பேரு சொன்னா மேல. கம்மியா சொன்னா கீழ. அவ்ளோதான்." அதற்கு அவர், "அப்ப நீ சும்மா இருந்தாலும் ஏறுவியா?" என்றார். நாம் மூன்று பேரும் சிரித்தோம். அந்த ஆளுக்கு என்ன கருநாக்கோ, அப்படியே ஆகிவிட்டது.

உன்னை ஏற்றிவிட்ட அந்தக் கட்டுரை பிறந்த இடமும் இந்த ஜீப்தான். அதுதான் எனக்கு ஆறவே ஆறாத இடம். நாம் மேல்படிப்புப் படித்துக்கொண்டிருந்தோம், விடுமுறைக்கு மேலே வந்துகொண்டிருந்தோம். பாதி வழியில் ஓர் அம்மா கை காட்டி வண்டியை நிறுத்தினாள். ஏறவில்லை. ராமண்ணாவிடம், "எங்கக்கா வூட்ல சொல்லிடு, மாடு கன்னு போட்ருச்சு, சீம்பாலுக்கு வரச்சொல்லு" என்றாள். பின்னால் வந்து அதையே நம்மிடமும் சொன்னாள். நமக்குப் பின்னால் பைக்கில் வந்தவனையும் மறித்துச் சொன்னாள். மலையில் பிறந்த யாருக்கும் இதில் அதிசயப்பட ஒன்றும் கிடையாது. போன் வருவதற்கு முன்னால் சேதி என்றால் இப்படித்தான், போன் வந்த பிறகும் டவர் இல்லாத ஊர்களுக்கு இப்படித்தான். நான் தூங்கப் போனேன்.

நீ என் தோளைப் பிடித்து உலுக்கினாய். "டேய், மூணு பேரும் போய்ச் சொன்னா அந்தக்கா மூணு தடவ கெளம்பி வருமா?"

"முதல்ல எவன் சொல்றானோ அவன்கிட்ட 'தெரிஞ்சுது'ன்னு திருப்பிச் சொல்லி அனுப்புவாங்க. அது காதுல வுழுந்ததும் மத்தவன் வாய மூடிக்குவான். இதுகூடத் தெரியாதா? தூங்க வுட்றா."

நன்றாகக் கவனி. கேள்வி உன்னுடையது. பதிலைச் சொன்னவன் நான். சொல்லிவிட்டுத் தூங்கினேன். நீ அந்தப் பதிலை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கணக்காக்கினாய். டவர் இல்லாத இடத்தில் ஜீப்பிலும் பஸ்ஸிலும் போகிறவர்களின் போன்களே சேதியைச் சுமந்து போகட்டும், எதிரில் வரும் போனுக்குக் கைமாற்றட்டும், போய்ச் சேர்ந்ததும் 'தெரிஞ்சுது' திரும்பி வரட்டும், அது வந்ததும் மற்ற போன்கள் அந்தச் சேதியை அழித்துவிடட்டும். சேதியைச் சுமக்கும் யோசனை உனக்கு முன்னாலும் பலருக்கு இருந்தது. எப்போது வாயை மூடுவது என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டியவன் நீ. எங்கெங்கோ காட்டுக்குள்ளும் கடலுக்குள்ளும் வேலை செய்கிறவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். அப்போது நான் என் கைடு கொடுத்த தலைப்பில், எனக்கே புரியாத ஒன்றை எழுதிக்கொண்டிருந்தேன்.

கட்டுரையின் கடைசியில் நன்றி போட்டிருந்தாய். 'ஜீப்பில் என் பக்கத்தில் தூங்கிக்கொண்டு வந்த நண்பனுக்கு.' நன்றி சொன்னாயா, குத்திக் காட்டினாயா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஒன்று தெரியும், நன்றியில் வருகிறவனை எந்தக் கம்ப்யூட்டரும் எண்ணாது.

ஒவ்வோர் ஆண்டும் பட்டியல் வந்தால் பெங்களூரிலிருந்து நீ கூப்பிடுவாய். நான் காலையிலேயே பார்த்து, பொருமி, காபியைக்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருப்பேன். "பாத்தியாடா?" என்பாய். "எதை?" என்பேன். நீ சிரிப்பாய். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது, பாவி. "வயிறு எரியுதா? எரியட்டும். எரியற வரைக்கும்தான் நீ வேல செய்வ." அது உண்மையாகவும் இருந்தது, அதனால் இன்னும் எரிந்தது. நீ கூப்பிட்ட மறுநாள்தான் நான் புதிதாக ஏதாவது எழுத ஆரம்பிப்பேன். என் கட்டுரைகளில் உருப்படியானவை எல்லாம் உன்மேல் உள்ள ஆத்திரத்தில் எழுதியவை. அவற்றில் உன்னை மேற்கோள் காட்டாமல் முடியாது, அந்த வேலை உன்னிடமிருந்துதானே தொடங்குகிறது. ஆக நான் எழுத எழுத நீ ஏறினாய். இதைவிடக் கொடுமை உண்டா?

அப்புறம் உடம்புக்கு முடியாமல் மலைக்கே வந்துவிட்டாய். ஒரு காலை நேரத்தில் போய்விட்டாய். நம் பக்கத்து வழக்கம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாவுச் சேதி கையில் இருப்பவன் அதைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் தன் வீட்டுக்குள் கால் வைக்க வேண்டும். அன்றைக்கு நான் ரோட்டோரம் நின்றேன். மேலே போகிற வண்டி, கீழே போகிற வண்டி எல்லாவற்றையும் நிறுத்தினேன். உன் பெயரைச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. காவலூரிலிருந்து, ஆலங்காயத்திலிருந்து, எங்கெங்கிருந்தோ 'தெரிஞ்சுது' வந்து சேர்ந்த பிறகுதான் வீட்டுக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். ஒருவரையும் விடவில்லை என்று நினைத்தேன்.

ஒரு இடம் விட்டுப்போயிருக்கிறது. இந்தப் பட்டியல்காரர்களுக்கு யாரும் சொல்லவில்லை. உன் ஆபீஸ்காரர்கள் தங்கள் இணையப் பக்கத்திலிருந்து உன் பெயரை எடுத்துவிட்டார்கள், உன் பெண்டாட்டி பூங்கொடிக்கு வரவேண்டிய காகிதமெல்லாம் வந்துவிட்டது. எண்ணுகிற கம்ப்யூட்டருக்கு மட்டும் தெரியாது. அது பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பட்டியல் உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டும். காலமானவர்களைத் தனியாக ஒரு பக்கத்தில், மரியாதையாக, வரிசை எண் போடாமல் வைப்பார்கள். அவர்கள் இடம் காலியாகும், கீழே இருப்பவர்கள் ஆளுக்கொரு படி ஏறுவார்கள். நாட்டுக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு. நம் நாட்டுப் பட்டியல் முடிகிற இடத்துக்கு நேர் கீழே நிற்பவன் யார் தெரியுமா? நான்தான். 'இந்த ஆண்டு இடம் கிடைக்கவில்லை, அடுத்த பெயர் உங்களுடையது' என்று எனக்கே எழுதியிருக்கிறார்கள். திருத்தம் இருந்தால் இந்த மாதத்துக்குள் சொல்லலாம். உன் பெயருக்குக் கீழேயே சின்னதாக ஒரு பட்டன் இருக்கிறது. அழுத்தி, 'இவர் இப்போது இல்லை' என்று சொன்னால் போதும், நான் உள்ளே. அடுத்த ஆண்டு எனக்கு வாய்க்காது, சின்னச் சின்னப் பசங்கள் எல்லாம் சரசரவென்று ஏறி வருகிறார்கள். ரிட்டயர் ஆகப் போகிறேன். எங்கள் பிரின்சிபால் நேற்றே கேட்டுவிட்டார்: "சார், இந்த வருஷமாச்சும் வந்துடும்ல? பிளெக்ஸுக்கு ஆளு சொல்லி வெச்சிட்டேன்."

பிளெக்ஸ்! கல்லூரி வாசலில் என் முகம். சிரிக்காதே. நான் ஆசைப்பட்டேன். வாழ்க்கை முழுக்க ஆசைப்பட்டேன்.

பட்டனை அழுத்தினேன். உறுதி செய்யவா என்று கேட்டது. அப்போது எதிர் சீட்டிலிருந்து பூங்கொடி, "அண்ணா, வந்துடுச்சா?" என்றாள். மடியில் சந்தைப் பையை வைத்துக்கொண்டு அவளும் அதே ஜீப்பில்தான் வந்துகொண்டிருந்தாள். ஒவ்வோர் ஆண்டும் என்னிடம்தான் கேட்பாள், அவளுக்கு அந்தப் பக்கத்தைத் திறக்கத் தெரியாமல் இல்லை, யாராவது சொல்லிக் கேட்க வேண்டும்.

"வந்துடுச்சும்மா. ஏறியிருக்கான்."

"ஏறிட்டாரா!" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "பூட்டும் அடங்கல பாருங்களேன் இந்த மனுசன்." பையைத் தடவிக்கொண்டே கேட்டாள். "ஏண்ணா, அவங்களுக்கு இவரு பூட்டது தெரியாதா?"

"தெரியாது."

"யாரும் சொல்லலியா?"

"சொல்லல."

"தப்பு இல்லியாண்ணா? தெரிஞ்சவங்க சொல்லணும் இல்ல?" என்றாள். "நீங்களே சொல்லிடுங்களேன்."

பார்த்தாயா? கட்டின பெண்டாட்டியே சொல்லிவிட்டாள். வழக்கமும் அதையேதான் சொல்கிறது. பட்டியலின் விதியும் அதையேதான் சொல்கிறது. எனக்கு ஒரு பாவமும் இல்லை. கட்டைவிரல் அந்தக் கண்ணாடி மேல் நின்றது. நீ அந்த நீலக் கட்டச் சட்டையில் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாய்.

உறுதி என்று அழுத்தினால் என்ன நடக்கும் என்று யோசித்தேன். நீ அந்த மரியாதையான பக்கத்துக்குப் போய்விடுவாய். அங்கே எண் கிடையாது. ஏறுவதும் கிடையாது, இறங்குவதும் கிடையாது. அடுத்த ஆண்டு பட்டியல் வரும், நான் திறப்பேன், உன் பெயர் இருக்காது. காலையில் யாரைப் பார்த்துப் பொருமுவேன்? காபியை யாருக்காக ஆறவிடுவேன்? உன்னைப் புதைத்த அன்றைக்குக்கூட எனக்கு நீ போய்விட்டதாகத் தோன்றவில்லை தெரியுமா. இத்தனை வருஷமாக ஒருத்தன் எனக்கு முன்னால் நடந்துகொண்டே இருந்தான், அவன் முதுகைப் பார்த்தே நடந்து பழகியவன் நான். அந்த முதுகும் இல்லையென்றால் எந்தப் பக்கம் நடப்பது? எனக்குப் பயம் வந்தது.

ராமண்ணா பீடியை மிதித்துவிட்டு வண்டியை எடுத்தார். வளைவு தாண்டியது, டவர் போயிற்று. போனைச் சட்டைப்பையில் போட்டேன். மேட்டுக்கு அப்பால் இன்னோர் இடத்திலும் கொஞ்சம் எடுக்கும், நீதானே கண்டுபிடித்தாய். அங்கேயும் நான் போனை வெளியே எடுக்கவில்லை. பூங்கொடி வெளியே சாமைக் கொல்லைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

நம் ஊரில் ஜீப் நின்றது. இறங்கும் ஒவ்வொருவரையும் ராமண்ணா கேட்பதுதானே, கீழே போகும்போது கொண்டுபோக வேண்டியது ஏதும் உண்டா என்று. என்னையும் கேட்டார். "சேதி எதுனா இருக்குதா தம்பி?"

பூங்கொடி திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்லண்ணா" என்றேன்.

அவள் பையைத் தூக்கிக்கொண்டு, "வர்றேண்ணா" என்று உன் வீட்டுப் பக்கம் நடந்தாள். கொஞ்ச தூரம் போய் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள், சிரித்தாளா என்று தெரியவில்லை, வெயில் கண்ணில் அடித்தது.

பிரின்சிபாலுக்கு இந்த ஆண்டும் இல்லை என்று சொல்லிவிடுவேன். உன் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். 'தெரிஞ்சுது' திரும்பி வராமலே போனால், சுமப்பவன் எவ்வளவு காலம் சுமப்பான்? அதை நீ எழுதவில்லை. நாளைக்கு நான் எழுத ஆரம்பிக்கிறேன். உன்னைத்தான் முதலில் மேற்கோள் காட்ட வேண்டியிருக்கும், ஏறித் தொலை.

நம் மலையில் சாவுச் சேதியை வாய்க்குள் வைத்துக்கொண்டு தன் வீட்டுக்குள் கால் வைத்தவன் எவனும் கிடையாது. இன்று நான் வைத்தேன்.